உலகத்துப் புறாவெல்லாம் எங்கள் மாடியில்

ஜனவரி 10, சனி

பதினான்கு கிராம். அதை முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் வஸீரா இன்று மொட்டைமாடியில் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற ஆள் மாதிரி இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள், என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வஸீரா என்றால் மந்திரி. ஷௌகி அண்ணனின் புறாக் கூட்டத்தில் அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாளோ அந்தப் பக்கம்தான் மற்றதெல்லாம் திரும்பும். மந்திரியே தரையில் உட்கார்ந்துவிட்டதால் இன்று ஒன்றும் பறக்கவில்லை.

நாலு மாத வேலை இது. பகலெல்லாம் லிஃப்ட் கம்பெனியில் எரிந்துபோன போர்டுகளுக்கு வைத்தியம், சாயங்காலம் வந்து இது. புறாவின் முதுகில் ஒரு சின்னப் போர்டு. தான் எங்கே இருக்கிறது என்று அது ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். மாடியில் ஒரு பெட்டி அதைக் கேட்டு, வீட்டு இணையம் வழியாக வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும். புறா தொலைந்தால் எங்கே என்று தெரிந்துவிடும். எவ்வளவு நல்ல யோசனை!

அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "தெரிஞ்சு என்னடீ பண்றது?" என்றான்.

எதிர்மாடிப் பல் டாக்டர் லுத்ஃபி ஒரு புறாவைப் பிடித்தால் பிடித்த கையோடு விசிலடிப்பார். அந்த விசில் எங்கள் இம்பாபாப் பேட்டை முழுக்கக் கேட்கும். பிடித்தவனுக்குத்தான் புறா, அது மாடிச் சட்டம். திருப்பிக் கேட்பது கேவலம், திருப்பிக் கொடுப்பது அதைவிடக் கேவலம். ஆக, தொலைந்த புறா எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் எப்போதும் தெரிந்த விஷயம். அண்ணன் இதைக் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான்.

செய்வதற்கு முன்னால் அவனை ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. இஞ்சினியராம் நான்.

குப்பையில் போட மனசு வரவில்லை. வரைபடம், எந்தச் சில்லு எங்கே, எப்படி ஈயம் வைப்பது, உள்ளே ஓடும் நிரல் என்று எல்லாவற்றையும் இணையத்தில் திறந்து வைத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: இதை எடுத்து எதை உருவாக்கினாலும் அதையும் இதேபோல் எல்லாருக்கும் திறந்து கொடுக்க வேண்டும். போர்டின் மூலையில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் படம் வரைந்து வைத்திருக்கிறேன். வஸீராவுக்கு மரியாதை.

ஜனவரி 13, செவ்வாய்

இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து நான், ஆபீஸிலிருந்து நான்.

ஜனவரி 29, வியாழன்

ஐயோ, ஆள் வந்துவிட்டது! நிஜமான ஆள்!

பெல்ஜியத்திலிருந்து மார்லீன். பந்தயப் புறா வளர்க்கிறவளாம். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு அரபியில் அனுப்பியிருக்கிறாள். என் புறாக்கள் ஐந்நூறு கிலோமீட்டர் பறந்து வீடு திரும்புபவை, அவற்றைப் பெட்டி படுக்கையோடு அனுப்பச் சொல்கிறீர்களா என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு, தான் ஏற்கெனவே மூன்று செய்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாள்.

இன்னொருவர் பெயர் அபூ ரீஷ், அதாவது இறகுகளின் அப்பன். ஊர் பேர் ஒன்றும் போடவில்லை. செய்தி வாசிப்பவர் மாதிரி சுத்த அரபி. "மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, பேட்டரிக்கு எதற்கு ஒரு செருகி, நேரே ஈயம் வைத்தால் ஒன்றரை கிராம் மிச்சமாகுமே என்று முடித்திருக்கிறார். நியாயம்தான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர்! அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் மதிப்பிற்குரிய பாத்திரத்தைக் கழுவிவிட்டு வா என்றாள்.

பிப்ரவரி 12, வியாழன்

கிராம் ஏலம் நடக்கிறது. ஓரானில் ஒருவர் போர்டின் தடிமனைப் பாதியாக்கிவிட்டார். பாஸ்ராவில் ஒரு பையன் பழைய இயர்போனிலிருந்து பேட்டரியைப் பிடுங்கிப் போட்டிருக்கிறான். நான் பசை வைத்து மெழுகிய இடத்தில் அபூ ரீஷ் ஏதோ ரோஸ் நிறச் சமாசாரத்தை மெல்லிசாகப் பூசிப் படம் போட்டிருக்கிறார். மழை புகாது, எச்சம் புகாது, எடையும் இல்லை. அவர் ஈயம் வைத்திருக்கும் அழகைப் பார்த்தால் எனக்குக் கையை வெட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது. அது என்ன பூச்சு என்று கேட்டேன். "தொழில் இரகசியம், மன்னிக்கவும்" என்கிறார். திறந்த திட்டத்தில் என்ன ஐயா இரகசியம்? நிபந்தனையை எடுத்துக் காட்டினேன்.

நான் என் நகப்பூச்சைத்தான் பூசியிருக்கிறேன். ஊதா நிறம். எடை பார்க்கக் கீழே நகைக்கடைத் தராசுக்குத்தான் போகிறேன். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் எத்தனை காரட் என்கிறார். எட்டரை கிராம் இப்போது.

பிப்ரவரி 27, வெள்ளி

ஏழு கிராம். நோன்பு திறக்கச் சற்று முன்னால் வஸீராவுக்குக் கட்டினோம். குலுக்கிப் பார்த்தாள், இறக்கையை விரித்துப் பார்த்தாள், ஜிவ்வென்று போய்விட்டாள். கட்டியிருப்பதே தெரியாமல் பறந்தாள்! நான் மாடிப்படியில் குதித்து இறங்கி அம்மாவின் சூப்புப் பாத்திரத்தைக் கவிழ்த்தேன். எல்லாரும் பேரீச்சம்பழத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டோம். அண்ணன்கூட, "பரவால்லடீ" என்றான். அவன் வாயிலிருந்து பரவாயில்லை வந்தால் அது பெரிய பட்டம்.

மார்ச் 22, ஞாயிறு

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

பெருநாள் விடுமுறை. தட்டில் மாவுப் பிஸ்கட்டும் மடியில் கணினியுமாக உட்கார்ந்திருந்தேன். என் வரைபடம் எப்போது திறந்தாலும் எங்கள் தெருவில்தான் திறக்கும். இன்று சர்க்கரை ஒட்டிய விரல் வழுக்கிப் படம் சுருங்கிவிட்டது. தெரு போனது, நைல் ஒரு நூலானது, எகிப்தே சின்னதாகிவிட்டது. பார்த்தால், கடலுக்கு அந்தப் பக்கம் புள்ளிகள்!

பெல்ஜியத்தில் ஒரு கொத்து. பாஸ்ராவில் மூன்று. ஓரானில், இஸ்மிரில். பெருவில் லிமாவில் ஒன்று! லிமாவில் எனக்கு யாரையும் தெரியாதே. எல்லாமே புறாக்கள். எல்லாமே என் வரைபடத்தில்.

அப்புறம்தான் புரிந்தது. பெட்டி எந்த முகவரிக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்ற இடத்தில் என் சொந்த முகவரியை வைத்துப் பார்த்தேன் அல்லவா, அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே அலைவரிசை வேறு. நகல் எடுத்தவர்கள் ஒருவராவது மாற்றினார்களா? மாற்றவில்லை. உலகத்தில் யார் இதைச் செய்தாலும் அவர் வீட்டுப் புறா இம்பாபாவுக்கு வந்து கணக்குச் சொல்கிறது. அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் வேறு.

எங்கள் தெருவிலேயே இரண்டு புள்ளி கூடுதலாகத் தெரிகிறது. சுவரில் அலை பட்டுத் திரும்புகிற எதிரொலியாக இருக்கும்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெல்ஜியம் புறாக்களை ரொம்ப நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தான். "இதுங்க என்னடீ, நேரா போய்க்கிட்டே இருக்கு? சுத்தத் தெரியாதா இதுங்களுக்கு?"

மார்ச் 31, செவ்வாய்

இந்த முகவரித் தப்பை எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன். லிமாக்காரி இன்று முதல்முறையாகக் கடற்கரைவரை போனாள். (அந்தப் புறாவை அவள் என்று நானாக வைத்துக்கொண்டேன்.)

ஏப்ரல் 8, புதன்

மார்லீன் கண்டுபிடித்துவிட்டாள். பந்தயத்துக்கு முன்னால் தன் புறாக்கள் எங்கே பறந்து பழகுகின்றன என்பதை பாஸ்ராப் பையன்வரை எல்லாரும் பார்க்கலாமா என்று பொது இடத்திலேயே எழுதிவிட்டாள். "என் புறாக்கள் அம்மணமாக நிற்கின்றன" என்று முடித்திருக்கிறாள். மொழிபெயர்ப்புக் கருவியின் வேலையா, அவளே சொன்னதா, தெரியவில்லை. முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். இருபத்துநாலாம் தேதி வெள்ளிக்கிழமை திருத்தத்தை வெளியிடுகிறேன், அதன் பிறகு அவரவர் முகவரி, அவரவர் அலைவரிசை என்று வாக்குக் கொடுத்தேன்.

சரியானதுதான். ஆனாலும் அழுகை வருகிறது. என் லிமாக்காரி போய்விடுவாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

நேற்று வசந்தத் திருநாள். வருடா வருடம்போல வீடெல்லாம் உப்புமீன் நாற்றம், யோசனை மட்டும் மணமாக வந்தது. திருத்தத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை, எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் புறாக்களைப் பறக்கவிட்டால்? ஒரே வரைபடத்தில் உலகம் முழுக்கப் புள்ளிகள்! எழுதினேன். எல்லாரும் துள்ளுகிறார்கள். மார்லீன்கூடச் சரி என்கிறாள். அடுத்த செவ்வாய் சாயங்காலம்.

அபூ ரீஷ் மட்டும், "இது புழுதிக்காற்றுப் பருவம், வானத்தைப் பார்த்துச் செய்யவும்" என்கிறார். நல்ல நாளில்தான் இந்த மனுஷருக்கு உபதேசம் வரும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வஸீராவைக் காணோம்.

அண்ணன் சொன்னான். வானம் மஞ்சளா இருக்கு, இன்னிக்கு வேணாம்னு சொன்னான். நான்தான், பத்தே நிமிஷம்ணே, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்கண்ணே, வஸீரா பறக்கலைன்னா எனக்கு என்ன மரியாதைண்ணே— ஏன் சொன்னேன்? யார் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன?

விட்டான். வரைபடம் முழுக்கப் புள்ளி. கத்திக்கொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டிருந்தேன். காற்று வந்தது. எதிர்மாடி தெரியவில்லை. அண்ணன் கொடியை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டதில் மற்றதெல்லாம் கண் தெரியாமல் வந்து விழுந்தன. அவளுடைய புள்ளி கிழக்கே ஆற்றுப் பக்கம் போனது. நின்றது. அணைந்துவிட்டது.

அவன் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 22, புதன்

அண்ணன் என்னிடம் பேசவில்லை. தட்டை நகர்த்தி வைத்தால் எடுத்துச் சாப்பிடுகிறான். குஞ்சாக இருந்தபோது வாயில் தானியத்தை வைத்து வஸீராவுக்கு ஊட்டி வளர்த்தவன்.

ஏப்ரல் 23, வியாழன்

நாளைக்குத் திருத்தம் வெளியிட வேண்டும். வெளியிட்டால் அவரவர் பெட்டி அவரவர் புறாவை மட்டும்தான் கேட்கும். இப்போதுபோல எல்லாருக்கும் ஒரே அலைவரிசையாக இருந்தால், என் பெட்டிக்கு எட்டாத தூரத்தில் வஸீரா எங்கே உயிரோடு இருந்தாலும், பக்கத்தில் யாருடைய பெட்டி இருந்தாலும், அது அவளைக் கேட்டு என் வரைபடத்தில் போடும். என் தப்புதான் அவளைக் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே வழி.

வெட்கத்தை விட்டு எழுதினேன். என் அண்ணனின் புறா தொலைந்துவிட்டது, கொஞ்ச நாள் பொறுங்கள் என்று.

மார்லீனிடமிருந்து உடனே பதில்: "என் புறாக்கள் இன்னும் கொஞ்ச நாள் அம்மணமாக இருக்கட்டும். அவற்றுக்குக் குளிராது." நான் மேசையில் தலையை வைத்து அழுதேன், சிரித்தேன், இரண்டும்.

அபூ ரீஷ் எகிப்தில் இருக்கும் எல்லாரையும் பெட்டியை மாடியில் உயரமாக வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பன்ஹாவில் ஒருவர், தன்தாவில் இரண்டு பேர், ஃபையூமில் ஒரு பள்ளிக்கூடம், எல்லாருமே புதிதாகப் பெட்டி செய்து மாடியில் ஏற்றிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்! காலையில் அலெக்ஸாண்டிரியா சாலையில் ஒரு புள்ளி பறந்தது. மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகம். கடைசியில் தன்தா ஆள் தன் போர்டைச் சட்டைப்பையில் மறந்துபோய் மினிபஸ்ஸில் போயிருக்கிறார்.

கன்னத்தில் கடைவாய்ப் பல் குத்துகிறது. யாருக்கு அதைக் கவனிக்க நேரம்?

ஏப்ரல் 28, செவ்வாய்

கன்னம் ஆரஞ்சுப்பழம் அளவு. அம்மா லுத்ஃபி டாக்டரிடம் போ என்கிறாள். அண்ணனுடைய எதிரியிடமா என்றேன். "பல்லு உன்னுதுதானேடீ, புறாவுது இல்லையே" என்றாள்.

அண்ணன் இன்று அம்மாவிடம் ஒன்று சொன்னான், என் காதில் விழட்டும் என்றே சொன்னான்போல இருந்தது. லுத்ஃபி மாடியில் விசில் சத்தமே இல்லையாம். அந்த ஆள் சும்மா இருந்தால் ஏதோ இருக்கிறது என்றான்.

ஏப்ரல் 29, புதன்

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

லுத்ஃபி டாக்டர் என்னை நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டார். ஓரத்தில் எச்சில் உறிஞ்சுகிற குழாய். கண்ணை மட்டும்தான் உருட்ட முடியும். உருட்டினேன். தட்டில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ. பொய்ப்பல்லுக்கு ஈறு செய்கிற பசை. எங்கேயோ பார்த்த ரோஸ்.

ஜன்னல் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு பெட்டி, பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று. பக்கத்தில் ரோஸ் பூசிய ஒரு போர்டு, மூலையில் குட்டி ஃப்ரிட்ஜ். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஊதா நிறம். என் நகப்பூச்சு.

"வாயை மூடக் கூடாது, இஞ்சினியரம்மா" என்றார். கையில் துளைக்கிற கருவி. "பாத்துட்டீங்கபோல."

"ஆஆ" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அவர் என் பல்லைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எதிர்த்துப் பேச முடியாத ஆளாகப் பார்த்துச் சொல்கிறார்! போன வியாழக்கிழமை வந்தாளாம். தூசியில் கண்ணே திறக்கவில்லையாம், இவருடைய கூட்டத்தோடு சேர்ந்து இறங்கிவிட்டாளாம். பேட்டரி செத்திருந்ததால் வரைபடத்தில் தெரியவில்லை. போர்டைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்கு மருந்து போட்டிருக்கிறார். இப்போது நன்றாகத் தின்கிறாளாம், கேட்டால் தந்துவிடுவாராம்.

"முப்பது வருஷத்துல ஒரு புறாவைப் பிடிச்சுட்டு நான் விசிலடிக்காம இருந்தது இதான் முதல் தடவை" என்றார். "லுத்ஃபி பிடிச்சா விசிலடிக்கணும். அபூ ரீஷ் பிடிச்சா உங்களுக்கு எழுதணும். இருக்கிறது ஒரு வாய், நான் என்ன பண்றது சொல்லுங்க."

நான்தான் வடிவமைப்பாளர் என்பது முதல் நாளே தெரியுமாம். வரைபடத்தைத் திறந்தால் முதலில் தெரிவது இவர் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியாம். என் எதிரொலி! சுவரில் பட்டுத் திரும்பிய என் இரண்டு எதிரொலியும் லுத்ஃபி டாக்டரின் புறாக்கள்! ஏன் சொல்லவில்லை என்று கண்ணால் கேட்டேன். எதிர்மாடிக்காரன் யோசனை சொன்னால் ஷௌகி அந்தப் போர்டைத் தன் புறாமேல் கட்ட விடுவானா என்றார்.

கடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கடித்துவிட்டேன். வாய் மரத்துப்போயிருந்ததால் எவ்வளவு பலமாகக் கடிக்கிறேன் என்று தெரியவில்லை.

விரலை உதறிக்கொண்டு, "பல்லு நல்லா உறுதியாத்தான் இருக்கு" என்றார்.

ஏப்ரல் 30, வியாழன்

அண்ணனிடம் சொன்னேன். உயிரோடு இருக்கிறாள் என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டான். எதிர்மாடியில் என்றதும் விட்டுவிட்டான்.

டாக்டர் கொடுக்கத் தயார் என்றேன்.

"அவர் குடுத்தா நான் வாங்கிக்கணுமா?" ஒன்பது நாளில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். "பிடிச்சா பிடிச்சதுதான். இன்னிக்கு அவர் குடுப்பார். நாளைக்கு அவர் புறா இங்க இறங்கினா நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அப்புறம் எதுக்கு மாடி, எதுக்கு விசில்."

"உன் வஸீராண்ணே" என்றேன்.

"நீ கேட்டதாலதான் விட்டேன்" என்றான். சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். அவன் சொன்னது நியாயம். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. பல் வலியெல்லாம் ஒன்றுமே இல்லை.

மே 3, ஞாயிறு

அபூ ரீஷ் பொது இடத்தில் எழுதியிருக்கிறார். நாலு முறை வாசித்துவிட்டேன்.

"மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர் அவர்களுக்கு. இத்திட்டத்தின் நிபந்தனைப்படி, இதை எடுத்தவர் இதிலிருந்து உருவாகும் எதையும் இதே முறையில் பகிர வேண்டும். மேற்படி புறா தங்கள் போர்டுடன் என் மாடிக்கு வந்தது. மாடிச் சட்டப்படி புறா என்னுடையது, அதில் மாற்றமில்லை. ஆனால் அவளிடமிருந்து உருவாகும் எதுவும் தங்கள் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. என் ஆண் புறாவோடு அவளைச் சேர்த்திருக்கிறேன். குஞ்சு பொரித்தால் பாதி தங்களுடையது. சட்ட வல்லுநர்கள் சிரிக்கலாம். பின்குறிப்பு: ரோஸ் பூச்சு, பொய்ப்பல் ஈறு செய்யும் பசை. தாமதத்துக்கு மன்னிக்கவும்."

கீழே மார்லீன்: "பெல்ஜியம் ஒப்புக்கொள்கிறது." ஓரான் ஒப்புக்கொள்கிறது. பாஸ்ராப் பையன் நடனமாடும் புறாப் படம் போட்டிருக்கிறான். லிமாக்காரி ஆண் புறாவாம், அதன் சொந்தக்காரர் பெயர் எலாடியோ, அவரும் ஒப்புக்கொள்கிறாராம். சிரிப்பு தாங்கவில்லை எனக்கு. அண்ணனிடம் மட்டும் காட்டவில்லை, பயம்.

மே 9, சனி

முட்டை. இரண்டு. அபூ ரீஷ் படம் போட்டிருக்கிறார், பக்கத்தில் அளவுகோல் வைத்து.

மே 15, வெள்ளி

திருத்தம் வெளியாகிவிட்டது. அவரவர் முகவரி, அவரவர் அலைவரிசை. ஆனால் ஒரு பொத்தான் சேர்த்திருக்கிறோம், அது மார்லீனின் யோசனை. புறா தொலைந்தால் சொந்தக்காரர் அதை அழுத்தலாம். அந்தப் புறாவை மட்டும் உலகத்தில் எல்லாப் பெட்டியும் கேட்கும், அழுத்தியவருக்கு மட்டும் சொல்லும். வரைபடத்தில் இப்போது எங்கள் தெரு மட்டும்தான். வெறிச்சென்று இருக்கும் என்று நினைத்தேன். எலாடியோ தினமும் தானாகவே படம் அனுப்புகிறார்.

மே 27, புதன்

ஹஜ்ஜுப் பெருநாள். இரண்டும் பொரித்துவிட்டன! எதிர்மாடியிலிருந்து விசில். நீளமாக, இரண்டு தடவை. அண்ணன் ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "என்னத்தைப் பிடிச்சுட்டார் இப்ப?" என்றான். நான் ஈரலைக் கழுவுகிறேன் என்று சமையலறைக்கு ஓடிவிட்டேன்.

ஜூன் 28, ஞாயிறு

டாக்டர் வந்தார், நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு, கையில் துளை போட்ட அட்டைப்பெட்டியோடு. அம்மா கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் என் முதுகில் துடைத்தாள். அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"நான் சொல்லிட்டேன், டாக்டர். பிடிச்ச புறாவைத் திருப்பி வாங்க மாட்டேன்."

"திருப்பிக் குடுக்க நான் என்ன கேனையா?" என்றார் அவர். "வஸீரா என் புறா. உசுரே போனாலும் தரமாட்டேன். இது வேற."

பெட்டிக்குள் பார்த்தான். ஒரு குஞ்சு. வஸீராவின் அதே நெற்றி, அதே கழுத்து, கால் மட்டும் டாக்டரின் ஆண் புறாவைப்போல இறகு முளைத்து. அண்ணனின் முகம் என்னவோ செய்தது. ஆனாலும் கையை நீட்டவில்லை. கதவோரத்திலேயே நின்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான்.

"இது எங்க பொரிச்சது?"

"என் மாடியில."

"அப்ப நீங்க பிடிச்ச புறா இல்ல."

"இல்ல."

"நான் விட்ட புறாவும் இல்ல."

"நீங்க இதைப் பாத்ததே இல்லையே."

அப்புறம் என்னைப் பார்த்தான். நான் நிபந்தனைக் காகிதத்தை அச்சடித்தே தயாராக வைத்திருந்தேன், நீட்டினேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தான். "இதுல புறான்னு எங்கடீ போட்டிருக்கு?"

"எதை உருவாக்கினாலும்னு போட்டிருக்குண்ணே."

மாடிச் சட்டத்தில் இப்படி ஒரு விஷயத்துக்கு இடமே இல்லை, யாரும் யோசித்ததே இல்லை. கடைசியில் உள்ளங்கையைக் குழித்து நீட்டினான். குஞ்சு அதில் உட்கார்ந்து, முதல் வேலையாக எச்சம் போட்டது. மூன்று பேரும் அதை ரொம்ப மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா டீ கொண்டுவந்தாள். டாக்டர் விரலில் நான் கடித்த தழும்பை அவளிடம் காட்டிக் கொடுத்தார்.

அவர் போன பிறகு அண்ணன் கேட்டான், "ஏண்டீ, இதுக்கு ஒரு போர்டு எத்தனை கிராம்ல பண்ணுவே?"

ஆறு என்றேன். ஆறிலேயே செய்வேன். ஐந்தரையில்கூடச் செய்வேன்!

ஜூலை 17, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து காற்றே இல்லாத சாயங்காலம். வானத்தை நானே மூன்று தடவை பார்த்தேன். குஞ்சுக்கு இன்று முதல் பறப்பு. ஆறு கிராம், ரோஸ் பூச்சு, மூலையில் ஃப்ரிட்ஜ். மார்லீன், ஓரான், பாஸ்ரா, எலாடியோ எல்லாருக்கும் இன்று ஒருநாள் மட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன், அவர்கள் கேட்டுக்கொண்டதால்.

அண்ணன் விட்டான். மேலே போனது, கூட்டத்தோடு சேர்ந்தது, ஒரு சுற்று, இரண்டு சுற்று. என்ன அழகு! மூன்றாவது சுற்றில் எதிர்மாடியில் வஸீரா நின்றுகொண்டிருந்தாள். குஞ்சு அம்மாவைப் பார்த்தது. அவ்வளவுதான். கூட்டத்தை விட்டுவிட்டு நேரே போய் அவள் பக்கத்தில் இறங்கிவிட்டது.

டாக்டர் மெதுவாக வந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அப்புறம் விசிலடித்தார் பாருங்கள்! ஏப்ரலில் வஸீராவுக்கு அடிக்காமல் விட்டதையும் சேர்த்து அடித்தார். தெருவில் ஆட்கள் நின்று மேலே பார்த்தார்கள்.

எனக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கவே பயம். கணினியை மூடினேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்தான். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறான்! ஷௌகி அண்ணன் புறா விஷயத்தில் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பிடிச்சா பிடிச்சதுதான்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். "ஆனா அடுத்த குஞ்சுகள்ல பாதி நமக்கு. போய் அவர்கிட்ட சொல்லு. உன் காகிதத்துல போட்டிருக்கில்ல."